நூற்று இருபத்தேழாம் மரம்

இறப்பர் மரத்துக்கு மழை ஆகாது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். மரத்துக்கு மழை நன்றாகவே ஆகும், பால் வெட்டத்தான் ஆகாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டையில் விழாமல் தண்டெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் விடியும்போது மழை பெய்தால், பேர் பதியும் பெரட்டுக்களத்திலிருந்தே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அன்றைக்கு மலையில் ஈ காக்கை இருக்காது. பட்டப்பகலில் நடந்ததை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்று நீதவான் ஐயா கேட்டாரல்லவா, அதற்குத்தான் இதை முதலில் சொன்னேன்.

தம்பி, நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுதி ஐயாவிடம் கொடுக்கப்போகிறீர்கள். எனக்கும் சிங்களம் வரும். ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் கோர்வையாக வரும். ஒரே ஒரு சொல்லை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள். முதன்மை எண். அவர்கள் பிரதமக சங்க்யாவ என்பார்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். ஏழு அப்படிப்பட்டது. பதினைந்து அப்படியில்லை, மூன்று வந்து அதை உடைத்துவிடும்.

என் பெயர் கன்னையா. வயது ஐம்பத்தெட்டு. ருவான்வெல்லைக்கு மேலே உள்ள தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்ற பிரிவில், இருபத்தொரு வருடம் பால்வெட்டுக் கங்காணியாக இருந்தேன். படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். கணக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

என் வேலை இரண்டு. ஒன்று, கொண்டுவரும் பாலை நிறுப்பது. குறித்த அளவு இருந்தால் அந்த ஆளுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். அழுவார்கள், காலைப் பிடிப்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். நான் மாற்றி எழுதியதே இல்லை. என் மனைவி ராஜகுமாரியும் என் மலையில்தான் வெட்டினாள். அவளுக்கும் அதே தராசுதான். கங்காணி பெண்டாட்டி என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச நான் இடம் வைக்கவில்லை.

இரண்டாவது வேலை, மரத்தில் காயம் பார்ப்பது. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அது காயம். அந்த இடம் முண்டு கட்டிக்கொள்ளும், பிறகு அங்கே வெட்ட முடியாது. தொண்ணூற்றாறில் இராமசாமி என்ற ஆள் ஒரே வாரத்தில் மூன்று மரத்தைக் காயம் பண்ணினான். இரண்டு முறை வாயால் சொன்னேன். மூன்றாம் முறை அவனுடைய இடது கையைப் பிடித்து மரத்தோடு சேர்த்து வைத்து, அவன் கத்தியாலேயே, முழங்கைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன். மரத்தில் அவன் போட்ட அதே நீளம், அதே சாய்வு. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இவ்வளவு ஆழம்தான் நீ வெட்டினாய் என்று காட்டினேன். லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான்தான். கத்தி வழுக்கிவிட்டது என்று அவனே எழுதிக்கொடுத்தான். அந்தக் கை இன்றைக்கும் சரியாக மூடாது. ஆனால் அதற்குப் பிறகு என் மலையில் காயமே இல்லை. தோட்ட மனேஜர், பெரிய துரை, எல்லாக் கங்காணிமார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

ராஜகுமாரி தொண்ணூற்று மூன்றில் போய்விட்டாள். வைகாசிக் காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து அவள்மேல் விழுந்தது. மகள் சுகந்தினிக்கு அப்போது பத்து வயது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காற்று யாரையும் கேட்டு அடிப்பதில்லை.

எண்கள் என்னிடம் வந்தது அந்த வருடம்தான். அதற்கு முந்திய வருடம் தோட்டம் கம்பெனி கைக்குப் போனபோது மரங்களை எண்ணச் சொன்னார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டவன் நான். என் மலையில் நம்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு வரை ஓடும், நிற்கும் மரங்கள் முந்நூற்றுப் பதினொன்று. ராஜகுமாரி போன பிறகு மழை நாட்களில் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், உட்கார்ந்திருக்க முடியவில்லை. மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆளில்லாத மலைக்குப் போவேன். இரண்டாம் நம்பரை விட்டுவிட்டு, இரண்டால் வகுபடும் நம்பர் மரத்துக்கெல்லாம் ஒரு பொட்டு. மூன்றை விட்டுவிட்டு, மூன்றால் வகுபடுவதற்கெல்லாம் ஒரு பொட்டு. பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று என்று பதினேழு வரை. ஒன்றாம் நம்பரைத் தவிர, பொட்டு வாங்காமல் நின்றவை முதன்மை. நான்கு மழை நாட்களில் முடிந்தது. அந்த மரங்களுக்கு நடுவில் நின்றபோது, நீங்கள் சிரித்தாலும் சரி, யாரோ என்னை மன்னித்த மாதிரி இருந்தது.

பிறகு என் எண்ணைத் தேடிப் போனேன். ஏழில் தொடங்கினேன். பின்னால் ஒரு மூன்று வைத்தால் 73, அதுவும் முதன்மை. அதன் பின்னால் ஒன்பது வைத்தால் 739, அதுவும் முதன்மை. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து 73939133 வரைக்கும் வந்தேன். இதன் குணத்தைப் பாருங்கள், தம்பி. வால் பக்கமிருந்து ஒவ்வொரு இலக்கமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். எத்தனை வெட்டினாலும் மிச்சம் நிற்பதும் முதன்மை. கடைசியில் தனி ஏழு நிற்கும், அதையும் உடைக்க முடியாது. மனிதரில் அப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை.

எட்டு இலக்கத்தோடு நின்றிருக்கலாம். ஆசை விடவில்லை. ஒன்பதாவதாக ஒன்றையோ ஏழையோ வைத்தால் மூன்றால் வகுபட்டுவிடும். ஒன்பதை வைத்தேன், பல மாதம் கழித்து அதையும் உடைக்கும் எண் அகப்பட்டது. மூன்றை வைத்தேன். 739391333. இதை உடைக்க முடியாது என்று சொல்ல, இருபத்தேழாயிரத்துச் சொச்சம் வரை உள்ள ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மூவாயிரத்துக்குக் கிட்ட வரும். அந்தப் பட்டியலை, மலையில் பொட்டில்லாமல் நின்ற முதல் முப்பத்தேழு மரங்களின் நம்பரை வைத்துச் சலித்து எடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வகுத்தல். இரண்டு வருடம் போயிற்று. ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. கடைசி வகுத்தலிலும் மீதி வந்த அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன்.

தொண்ணூற்றொன்பதில் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். பள்ளிக்கூடச் சுவரில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, என் எண்ணை நீலப் பெயின்டில் எழுதினார்கள். ‘எங்கள் கன்னையா கங்காணியார் கண்டறிந்த எண்’ என்று போட்டிருந்தது. கடைத்தெருவில் முதலாளிமார் எழுந்து நின்று கதைத்தார்கள். யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. கடைகளில் இருந்த கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் விழும். என் எண் அதற்குள் அடங்காது.

ஜனார்த்தனன் என் தங்கை ஜெயம்மாவின் மகன். தகப்பனில்லாத பிள்ளை. சுகந்தினிக்கு முறை மாப்பிள்ளை. ஆசிரியர் கலாசாலை முடித்து நம் பள்ளிக்கூடத்துக்கே கணித ஆசிரியராக வந்தான். இரண்டு பேருக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம்தான். இரண்டாயிரத்தெட்டு தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். நல்ல பையன். நான் எதிரில் வந்தால் சாரத்தை இறக்கிவிட்டு நிற்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

என் எண்ணைக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு என் பெயரிலேயே எழுதி அனுப்ப வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். என் கொப்பிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனான். இரத்தினபுரியிலிருந்து பத்து இலக்கம் விழும் கால்குலேட்டர் ஒன்று வாங்கி வந்தான். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இரண்டாயிரத்தேழு ஐப்பசி, ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நல்ல மழை. ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் மட்டும் மலைக்குப் போனேன். ஏழு மணி இருக்கும், மழை தூறலாகிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு ஜனார்த்தனன் ஏறி வந்தான். பிள்ளைகளுக்கு முன்னால் பேச வேண்டாம் என்று பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே வந்ததாகச் சொன்னான். என் மரியாதையை நினைத்துத்தான் அந்த இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறான். கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான்.

“மாமா, முப்பத்தேழு இல்ல, முப்பத்தெட்டு வரணும். நூத்திப் பதிமூணுக்கு அப்புறம் நேரா நூத்தி முப்பத்தொண்ணு எழுதியிருக்கீங்க. நடுவுல நூத்தி இருவத்தேழு விட்டுப்போச்சு.”

கால்குலேட்டரை என் கையில் கொடுத்தான். என் எண்ணை நூற்று இருபத்தேழால் வகுத்திருந்தான். 5821979. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மீதி பூச்சியம்.

அவன் என்னைத் தேற்றத் தொடங்கினான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றான். கடைசி மூன்றை வெட்டிவிட்டால் போதும், எட்டு இலக்கமும் நான் கண்டதுதான், வெட்டினாலும் முழுசாக நிற்பதுதானே அதன் குணம் என்றான். சுவரில் இருப்பதை அவனே இரவோடிரவாக அழித்துவிடுவானாம், ஒருவருக்கும் தெரியாதாம். என் மலையில் நூற்று இருபத்தேழு என்று மரமே கிடையாது என்று சொன்னேன். அவன் திரும்பி வரிசையைப் பார்த்தான். நூற்று இருபத்தாறு நின்றது. நூற்று இருபத்தெட்டு நின்றது. நடுவில் வேர் பெயர்ந்த குழி, கொடி மூடிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அத்தை மேல விழுந்த மரந்தானே மாமா அது. அதனாலதான் உங்க கை அந்த நம்பர எழுதல. இதுக்கு யாரு உங்களக் குத்தஞ் சொல்லப் போறா?”

பால் வெட்டும்போது கத்தி இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டும். இருபது முப்பது வருடம் செய்த கைக்கு அது பழக்கம். அவன் கழுத்திலும் அப்படித்தான் இறங்கியது. இந்த முறை நான் ஆழம் பார்க்கவில்லை. குடை முதலில் விழுந்தது, பிறகு அவன். இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். மாமா என்று சொல்ல வாயசைத்தான், காற்றுத்தான் வந்தது. என் கால் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, இன்னும் இரண்டு முறை வெட்டினேன். மரத்தில் பால் வடிந்து முடிய மூன்று நான்கு மணித்தியாலம் ஆகும். இவனுக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை.

குழி மூன்றடிதான் இருந்தது. அலவாங்கும் மண்வெட்டியும் காட்டுக் கத்தியும் சாமான் கொட்டிலில் இருந்தன. குழியை ஆழமாக்கலாம், ஆனால் அடியில் பாறை. ஆகவே அவனைக் குறுக்க வேண்டியிருந்தது. எத்தனை துண்டு என்று பொலிஸ் மாத்தையா கேட்டார். ஏழு. வேண்டுமென்று அந்தக் கணக்கு வைக்கவில்லை, இடத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டது. மூட்டில் வெட்டினால் சுலபம், எலும்பில் வெட்டினால் கத்தி மழுங்கும். கால்குலேட்டரையும் குடையையும் கூடவே போட்டேன். கொப்பியைப் போட மனம் வரவில்லை. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது, இரத்தமெல்லாம் வடிகானோடு போய்விட்டது. மண்ணை மிதித்து இறுக்கிக் கொடியை இழுத்து மூடிவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். சுகந்தினி ரொட்டி சுட்டிருந்தாள். சம்பலில் உப்புக் குறைவு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் காணாமல் போனால், எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை, யார் கொண்டுபோனார்கள் என்றுதான் கேட்பார்கள். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சந்தியில் ஒரு வெள்ளை வேன் நின்றதாகத் தோட்டத்து ஆட்களே சொன்னார்கள். இரண்டு பேர் அதன் நம்பரைக்கூடப் பாதி சொன்னார்கள். ஜெயம்மா என் காலடியில் விழுந்து, “அண்ணே, எம் புள்ளையத் தேடிக் குடுங்க” என்று கதறினாள். தேடினேன். மனுக்களெல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். வலது புருவத்தில் தழும்பு, பச்சைக் கோடு போட்ட சட்டை, கறுப்புக் குடை என்று அடையாளம் ஒன்று விடாமல் எழுதினேன். இரண்டு வருடம், அவளைக் கூட்டிக்கொண்டு எத்தனை முகாம் வாசல், எத்தனை வக்கீல் வீடு. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். பாவமாக இருக்கும். சண்டை முடிந்ததும் எல்லாரையும் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, இந்த வைகாசியில் அவனுக்கு இரண்டு சட்டை தைத்து வைத்தாள்.

சுகந்தினிக்கு வேறு மாப்பிள்ளை பார்த்தேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை.

போன மாதம் மறுநடுகைக்கு மலையை அழிக்க மெஷின் வந்தது. கிழட்டு மரங்கள், அவற்றின் காலம் முடிந்துவிட்டது. வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தான், மெஷின் ஓட்டிய சிங்களப் பையன். நூற்று இருபத்தாறைப் பிடுங்கியபோது வேரோடு பக்கத்துக் குழியும் பெயர்ந்தது. முதலில் குடைக்கம்பி வந்தது. பிறகு கால்குலேட்டர், அதன் முதுகில் அவன் பெயரை ஊசியால் கீறியிருந்தான். நான் அங்கேதான் நின்றேன், ஓடவில்லை. பொலிஸ் வரும்வரை ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சுகந்தினி என்னைப் பார்க்க வந்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவரில் கடைசி மூன்றைப் பால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டதாக மட்டும் சொன்னாள். அந்த மூன்று பிழை என்று, ஜனார்த்தனன் சாவதற்கு முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. மிச்சம் நிற்பதும் முதன்மை எண்தான். பிறகு ஜனார்த்தனனைப்பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அன்னைக்குக் காத்துல அம்மா தானாப் போனாங்களா, இல்ல நீங்க அனுப்புனீங்களா?”

இராமசாமி சொன்னானாம். தராசடியில் அவனும் நின்றிருந்தானாம். காற்று மரங்களைச் சுழற்றுகிறது, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று ராஜகுமாரி வாளியை வைத்தபோது, ‘மீதி மரத்தையும் வெட்டிட்டு வா, இல்லாட்டி ஒனக்கும் அரைப் பேர்தான்’ என்று நான் சொன்னேனாம். அவள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாளாம். பதினாறு வருடம் கழித்து, மூடாத கையோடு ஒருவன் இதைச் சொல்கிறான். சுகந்தினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவள் போய்விட்டாள், இனி வரமாட்டாள்.

அவ்வளவுதான், தம்பி. ஜனார்த்தனனை நான்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை, எனக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஐயா என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். சுகந்தினி கேட்டதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. என் பட்டியலை நீங்களே பாருங்கள், நூற்றுப் பதின்மூன்றுக்கு அடுத்தது நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்தேழு என்று ஒரு மரம் அந்த மலையில் இருந்ததே இல்லை. இல்லாத மரம் யார்மேலும் விழாது.